மூளைச் சிப் செய்திகளில் எந்தக் கவலை நியாயமானது?

மூளைக்குள் சிப் வைப்பது பற்றி ஒருநாள் "முடங்கியவர் மனதாலேயே கணினியை இயக்கினார்" என்று படிக்கிறோம், மறுநாள் "இனி நம் எண்ணங்களுக்கே பாதுகாப்பில்லை" என்று படிக்கிறோம், இதில் எதை நம்புவது, நெறிமுறை பற்றி ஊடகங்கள் எழுப்பும் கேள்விகள் சரியானவைதானா, எலான் மஸ்க்கின் நியூராலிங்க் நிறுவனம் செய்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தொழில்நுட்பத்தைப் பற்றி அவர்கள் சொல்வது உண்மையா என்பது ஒன்று. நாம் எதை நினைத்துக் கவலைப்பட வேண்டும் என்று அவர்கள் கை காட்டுகிறார்களோ, அந்த இடம் சரியா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஓரளவு எளிதாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுதான் கனமானது, நீங்கள் உண்மையில் கேட்க வந்ததும் அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் படித்தது உயிர்மருத்துவப் பொறியியல். சில ஆண்டுகள் ஈ.ஈ.ஜி. (மூளையின் மின் அலைகளைத் தலைக்கு வெளியிலிருந்து பதிவது) ஆய்வகத்தில் தலையில் எலெக்ட்ரோடு ஒட்டி, கண் சிமிட்டினாலே கலைந்துபோகும் சிக்னல்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அதன் பிறகு நீண்ட காலமாக அறிவியல் செய்திகளை எடிட் செய்வதுதான் என் வேலை. அதனால் ஆய்வகத்தில் என்ன நடக்கிறது, அது செய்தியாகும்போது என்ன ஆகிறது என்ற இரண்டையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நான் மூளை அறுவை மருத்துவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. அந்த இரண்டு பக்கம் பற்றிச் சொல்வதை அந்த அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆஸ்திரேலியாவின் பிரெடெரிக் கில்பர்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் மூளைச் சிக்னலைக் கொண்டு கணினியை இயக்கும் மூளை-கணினி இடைமுகங்கள் பற்றி வெளியான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஊடகக் கட்டுரைகளை அலசி 2019இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நான்கில் மூன்று பங்கு கட்டுரைகள் சாதகமான தொனியில் இருந்தன. அவற்றில் கணிசமான பகுதி, ஆதாரம் தாங்காத அளவுக்கு மிகையாகப் புகழ்ந்தது. நெறிமுறைக் கேள்வி எதையாவது தொட்டவை மிகச் சொற்பம். "ஊடகங்கள் வீணாகப் பயமுறுத்துகின்றன" என்று பலரும் நினைப்பதற்கு இது நேர் எதிர். பயமுறுத்தும் கட்டுரைகள் நினைவில் தங்கிவிடுகின்றன, அதனால் அவைதான் அதிகம் என்று தோன்றுகிறது. எண்ணிப் பார்த்தால் புகழ்ச்சிதான் அதிகம். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு நியூராலிங்க் முதல் மனிதருக்குச் சிப் பொருத்துவதற்குச் சில ஆண்டுகள் முந்தையது. இன்றைய செய்திகளின் விகிதமும் இதேதான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஏன் இப்படி ஆகிறது? பெரும்பாலும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வேலை நடக்கும் முறையே அப்படி. ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியாகும் முன்பே பல்கலைக்கழகத்தின் பத்திரிகைக் குறிப்பு வந்துவிடும். அதில் முதல் பத்தி சாதனை, இரண்டாவது பத்தி ஆய்வாளரின் பூரிப்பு, மூன்றாவதில் நோயாளியின் கதை. "இது மூன்று பேரிடம் மட்டுமே செய்யப்பட்டது" என்பது எங்கோ கீழே ஒரு வரி. நிருபர் பொறுப்பானவராக இருந்தால் ஒரு நெறியியலாளரைக் கூப்பிட்டு இரண்டு வாக்கியம் வாங்குவார். அது கட்டுரையின் கடைசிப் பத்தியாகும். பக்கத்தில் இடம் குறைந்தால் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவார்கள். முதலில் போவது அந்த இரண்டு வாக்கியம். நெறிமுறை என்பது செய்தியின் வாலில் தொங்கும் ஒரு மேற்கோள் என்று ஆகிவிட்டதால்தான் இது இவ்வளவு சுலபமாக நடக்கிறது.

"மனதைப் படிக்கும் இயந்திரம்" என்ற தலைப்பையே எடுத்துக்கொள்வோம். 2023 மே மாதத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகக் குழு ஒரு ஆய்வை வெளியிட்டபோது உலகம் முழுக்க இந்தத் தலைப்புதான் ஓடியது. நடந்தது இதுதான். மூன்று பேர், ஆளுக்குச் சுமார் 16 மணி நேரம், மூளையின் ரத்த ஓட்ட மாற்றத்தைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் அசையாமல் படுத்துக் கதைகள் கேட்டார்கள். அந்தத் தரவை வைத்து, அவர்கள் புதிதாகக் கேட்கும் கதையின் சாரத்தை ஒரு மொழி மாதிரி (சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு) ஊகித்தது. சொல்லுக்குச் சொல் வரவில்லை, கருத்து ஏறக்குறைய வந்தது. ஒருவருக்காகப் பயிற்றுவித்தது மற்றவரிடம் வேலை செய்யவில்லை. உள்ளே படுத்திருப்பவர் மனதுக்குள் எண்களை எண்ணினாலோ, வேறு கதை சொல்லிக்கொண்டாலோ கருவி தடுமாறியது. இந்தக் கடைசிச் சோதனையைச் செய்தவர்கள் அதே ஆய்வாளர்கள்தான். ஒருவருடைய சம்மதம் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்று அவர்களே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பல செய்திகளில் அது ஒரு வரிகூட இடம்பெறவில்லை. இதை வைத்து "ஒருபோதும் முடியாது" என்றும் நான் சொல்ல மாட்டேன். அதே குழு பிறகு பயிற்சி நேரத்தைச் சுமார் ஒரு மணி நேரமாகக் குறைத்துக் காட்டியது. நிலைமை நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

மூளைக்குள் எலெக்ட்ரோடு வைக்கும் முறைகளில் வழக்கமாகப் படிக்கப்படுவது எண்ணம் அல்ல, முயற்சி. கையை அசைக்க, வாயைத் திறந்து பேச முயலும்போது, உடல் அசைவுகளுக்குக் கட்டளையிடும் மூளைப் பகுதியான இயக்கப் புறணியில் எழும் நரம்புத் துடிப்புகளைத்தான் கருவி பிடிக்கிறது. 2023இல் ஸ்டான்போர்டு குழு, தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோயால் பேச்சிழந்த ஒருவருக்கு நிமிடத்துக்கு 62 சொற்கள் என்ற வேகத்தில் பேச்சை மீட்டுக் கொடுத்தது. சாதாரண உரையாடல் நிமிடத்துக்குச் சுமார் 160 சொற்கள். பெரிய சொல்தொகுதியில் ஏறக்குறைய நாலில் ஒரு சொல் தவறாக வந்தது. அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் டேவிஸ் வளாகக் குழு வேறொரு நோயாளியிடம் 97 சதவீதத் துல்லியத்தை எட்டியது. இது மகத்தான வேலை, இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. பேச்சே போய்விட்ட ஒருவர் தன் குடும்பத்தோடு மறுபடி பேசுவது எதற்கும் ஈடாகாது.

ஆனால் 2025 ஆகஸ்டில் ஸ்டான்போர்டிலிருந்து வந்த ஆய்வு, எண்ணத்துக்கும் முயற்சிக்கும் இடையே நான் மேலே போட்ட கோட்டைக் கொஞ்சம் அழித்தது. வாயை அசைக்க முயலாமல் மனதுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளும் சொற்களையும், ஏற்கெனவே எலெக்ட்ரோடு பொருத்தப்பட்டிருந்த நான்கு பேரிடம் ஓரளவு படிக்க முடிந்தது. திரையில் இருக்கும் வடிவங்களை எண்ணச் சொன்னபோது, அவர்கள் மனதுக்குள் எண்ணிய எண்களின் தடமும் சிக்னலில் தெரிந்தது. அவற்றைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் அந்தக் குழு ஒரு பூட்டையும் சேர்த்தே வடிவமைத்தது. ஒரு ரகசியச் சொற்றொடரை நோயாளி மனதுக்குள் சொன்னால்தான் கருவி கேட்கத் தொடங்கும். ஆக, எண்ணத்தின் அந்தரங்கம் பற்றிய கவலை வெறும் கற்பனை இல்லை. ஆனால் இன்றைக்கு அது யாருடைய கவலை? தலையைத் திறந்து எலெக்ட்ரோடு வைத்துக்கொண்ட அந்தச் சில மனிதர்களுடையது. செய்திகள் அதை எடுத்து, தெருவில் போகும் எல்லோருடைய கவலையாகவும் ஆக்கிவிடுகின்றன. உண்மையில் அந்தக் கேள்விக்கு உரியவர்கள் படத்திலிருந்து மறைந்துபோகிறார்கள்.

என் முக்கியமான குறை இங்கேதான் வருகிறது. ஊடகங்கள் நெறிமுறையைப் பேசும்போது எதிர்காலத்தைப் பற்றியே பேசுகின்றன. இருபது ஆண்டு கழித்து எண்ணங்களைத் திருடுவார்களா, பணக்காரர்கள் மட்டும் மூளையை மேம்படுத்திக்கொள்வார்களா என்று கேட்கின்றன. இப்போதே மூளையில் கருவி வைத்திருப்பவருக்கு நாளைக்கு அது பழுதானால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பது அபூர்வம்.

ஆர்கஸ் 2 என்ற விழித்திரைக் கருவியின் கதையைப் பாருங்கள். அது கண்ணில் வைப்பது, மூளைக்குள் வைப்பதல்ல. ஆனால் பிரச்சினை அப்படியே பொருந்தும். அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் செய்த அந்தக் கருவியை உலகெங்கும் 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டார்கள். முதன்முதலில் பொருத்தப்பட்ட நாட்களில் "பார்வையற்றவர் பார்க்கிறார்" என்று செய்திகள் கொண்டாடின. 2019 வாக்கில் நிறுவனம் அந்தத் தொழிலைக் கைவிட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஒரு பெண் நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் வண்டி மாறிக்கொண்டிருந்தபோது கருவி மூன்று முறை பீப் ஒலி எழுப்பி அணைந்தது. அவருடைய செயற்கைப் பார்வை அத்தோடு போயிற்று, திரும்பி வரவில்லை. இன்னொருவருக்குத் தலைசுற்றல் வந்து மருத்துவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். கண்ணுக்குள் இருக்கும் கருவியோடு எடுக்கலாமா என்று கேட்க நிறுவனத்தில் ஆளில்லை. இதையெல்லாம் தேடிப் பிடித்து 2022இல் வெளியே கொண்டுவந்தது ஐ.ஈ.ஈ.ஈ. ஸ்பெக்ட்ரம் என்ற பொறியியல் இதழ். நல்ல இதழியல் இதில் என்ன செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது அந்தக் கட்டுரையைத்தான். கொண்டாடிய செய்திகளை எழுதியவர்களில் எத்தனை பேர் பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தார்கள் என்ற கேள்வியும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

இதைவிட என்னைப் பாதித்தது மெல்போர்னில் நடந்தது. நியூரோவிஸ்டா என்ற நிறுவனத்தின் கருவி, வலிப்பு வரப்போவதை மூளைச் சிக்னலிலிருந்து முன்கூட்டியே எச்சரிக்கும். 2010 தொடங்கி 15 பேரிடம் சோதித்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு அது வாழ்க்கையையே மாற்றியது. வெளியே போக, வேலை செய்யத் தைரியம் வந்தது. பிறகு நிறுவனத்திடம் பணம் தீர்ந்தது, கருவியை எடுத்துவிடச் சொன்னார்கள். வீட்டை அடமானம் வைத்தாவது அதை விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று அவரும் கணவரும் கேட்டுப் பார்த்தார்கள். முடியவில்லை. கருவியை எடுத்தபோது தன்னில் ஒரு பகுதியை இழந்ததாக அவர் ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார். ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டுத்தான் சேர்ந்தார், விதி எதையும் யாரும் மீறவில்லை. ஆனாலும் ஒரு மனிதருக்கு இப்படிச் செய்வது சரியா? இந்தக் கேள்விக்கு மனதைப் படிக்கும் இயந்திரம் எதுவும் தேவையில்லை. நிதி தீர்ந்துபோன ஒரு சிறு கம்பெனி போதும்.

நியூராலிங்க் பற்றி நேரடியாகவே கேட்டிருந்தீர்கள். 2024 ஜனவரியில் முதல் மனிதருக்குப் பொருத்தியதை எலான் மஸ்க் எக்ஸ் தளத்தில் ஒரு பதிவாக அறிவித்தார். கையில் ஆய்வுக்கட்டுரை இல்லை, அமெரிக்காவின் பொது மருத்துவச் சோதனைப் பதிவேட்டிலும் அந்தச் சோதனை அப்போது இல்லை. அதைச் சில ஆய்வாளர்கள் வெளிப்படையாகவே குறை சொன்னார்கள். இருந்தாலும் பெரும்பாலான செய்திகள் பதிவை அப்படியே எடுத்துப் போட்டன. பல செய்திகளைப் படித்தவர்கள் மனித மூளையில் சிப் வைத்ததே இதுதான் முதல் முறை என்று நினைத்திருப்பார்கள். அமெரிக்காவின் பிரெயின்கேட் ஆய்வுக் குழு 96 எலெக்ட்ரோடு கொண்ட சிப்பை ஒரு இளைஞரின் மூளையில் வைத்தது 2004இல். அதற்கும் முன்பே, 1990களின் பிற்பகுதியில், நரம்பியலாளர் பிலிப் கென்னடி பேச முடியாத நோயாளிகளிடம் இதை முயன்றிருந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் தங்கள் தலையை ஆய்வுக்குக் கொடுத்தவர்கள் பல பத்துப் பேர். அவர்களை வரலாற்றிலிருந்து அழிப்பதும் ஒரு அநீதிதான்.

2024 மார்ச்சில், நியூராலிங்க் சிப் பொருத்தப்பட்ட அந்த முதல் மனிதரான நோலண்ட் ஆர்பா, மனதாலேயே கணினியில் சதுரங்கம் ஆடும் நேரலை வந்தது. மூளைக்குள் வைத்த நுண்ணிழைகளில் பெரும்பகுதி இடம் நழுவிவிட்டது என்பது மே மாதத்தில்தான் வெளியே தெரிந்தது. மென்பொருளை மாற்றி நிறுவனம் செயல்திறனை மீட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கருவி கைவிடப்போகிறது என்று தெரிந்தபோது அழுதேன் என்று ஆர்பாவே பின்னர் பேட்டியில் சொன்னார். அந்த இடைப்பட்ட வாரங்களில் உலகம் பார்த்துக்கொண்டிருந்தது வெற்றிக் கதையை. தகவலின் ஒரே வாசல் அதை விற்கப்போகும் நிறுவனமாகவே இருந்தால் இப்படித்தான் நடக்கும். எந்த நிறுவனமாக இருந்தாலும் இதே கதைதான்.

புகழ்ச்சி வெறும் ஆர்வக்கோளாறு, அதனால் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பவர்களுக்கு 2017இல் நடந்த ஒன்றைச் சொல்வேன். ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு குழு, கண்ணைக்கூட அசைக்க முடியாமல் முழுதாக முடங்கிய நான்கு ஏ.எல்.எஸ். நோயாளிகளோடு தலையில் அணியும் ஒளி உணரி மூலம் பேசியதாக அறிவித்தது. "மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு அவர்கள் "ஆம்" என்றார்கள் என்பது உலகத் தலைப்பானது. ஒரு நோயாளியிடம் மகளின் திருமணத்துக்குச் சம்மதமா என்று கேட்டதில் பத்து முறைக்கு ஒன்பது முறை "இல்லை" வந்தது என்ற தகவலைச் செய்திகள் ரசித்து எழுதின. பிறகு வேறொரு ஆய்வாளர் அந்தத் தரவைத் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்து, முடிவு நிற்கவில்லை என்றார். ஜெர்மன் ஆய்வு நிதியமைப்பு விசாரித்து 2019இல் அறிவியல் முறைகேடு என்று முடிவு செய்தது. அதே ஆண்டில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. சுவாசக் கருவியைத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய குடும்பங்கள் அந்த "ஆம்" என்ற சொல்லைப் படித்திருக்கும். தலைப்பைப் பார்த்த எல்லோருக்கும் மறுப்பு போய்ச் சேரவில்லை.

சரி, பயமுறுத்தும் பக்கத்துக்கு வருவோம். 2019இல் சீனாவின் செஜியாங் மாகாணத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் குழந்தைகளுக்கு ஈ.ஈ.ஜி. தலைப்பட்டை மாட்டியது செய்தியானது. கவனமாக இருந்தால் சிவப்பு விளக்கு, கவனம் சிதறினால் நீலம். விவரம் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் போகும். "குழந்தைகளின் மூளையைக் கண்காணிக்கிறார்கள்" என்று எழுதினார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் அது நிறுத்தப்பட்டது. எதிர்த்தது நியாயம். ஆனால் எனக்குத் தெரிந்த காரணம் வேறு. நெற்றியில் ஒட்டும் ஓரிரு உலர் எலெக்ட்ரோடுகளிலிருந்து ஒரு குழந்தையின் கவனத்தை நொடிக்கு நொடி நம்பகமாக அளக்க முடியாது. நெற்றியைச் சுருக்கினால், பல்லைக் கடித்தால் வரும் தசைச் சிக்னல் மூளைச் சிக்னலைவிடப் பல மடங்கு பெரியது. அங்கே ஆபத்து என்னவென்றால், அந்தக் கருவி மனதைச் சரியாகப் படித்துவிடும் என்பதல்ல. தப்பாகப் படிக்கும், ஆசிரியரும் அப்பாவும் அதை நம்புவார்கள். நெற்றியில் எல்லோர் கண்ணெதிரே சிவப்பும் நீலமும் எரியும்போது "நான் கவனிச்சுக்கிட்டுதான் இருந்தேன்" என்ற குழந்தையின் வார்த்தைக்கு மதிப்பிருக்காது. மூளையிலிருந்து வந்த படமோ எண்ணோ என்றாலே அதை மறுக்க முடியாத உண்மையாக ஊடகங்கள் நடத்தும் பழக்கத்தை நரம்பறிவியலின் நெறிமுறைகளை ஆராயும் எரிக் ரசீன் குழுவினர் 2005லேயே எஃப்.எம்.ஆர்.ஐ. செய்திகளில் கண்டு, நியூரோரியலிசம் என்று பெயரிட்டார்கள். "மனதைப் படிக்கிறது" என்று எழுதும் பயமுறுத்தல் கட்டுரை, கருவியை விற்பவரின் விளம்பரத்தைத்தான் திருப்பிச் சொல்கிறது. கண்டிப்பதாக நினைத்துக்கொண்டே சான்றிதழ் கொடுத்துவிடுகிறது.

மூளைத் தரவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி மட்டும் பயமுறுத்தல் பக்கத்தில் உறுதியான தரையில் நிற்கிறது. சிலி நாடு 2021இல் மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து பெறும் தகவலையும் பாதுகாக்க அரசியலமைப்பைத் திருத்தியது. 2023 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஈ.ஈ.ஜி. தலைப்பட்டை விற்கும் எமோட்டிவ் நிறுவனம் ஒரு முன்னாள் செனட்டரிடமிருந்து சேகரித்த மூளைத் தரவை அழிக்க உத்தரவிட்டது. 2024இல் அமெரிக்காவில் கொலராடோவும் கலிபோர்னியாவும் நரம்புத் தரவைத் தனியுரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன. யுனெஸ்கோ 2025 நவம்பரில் நரம்புத் தொழில்நுட்ப நெறிகளுக்கான பரிந்துரையை ஏற்றது. ஆனால் மூளையையும் அதன் தரவையும் காக்க "நரம்புரிமை" என்று புதிதாக ஒன்று வேண்டுமா, இருக்கும் அந்தரங்க உரிமையே போதுமா என்பதில் அறிஞர்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். செய்திகளில் இது முடிந்துபோன விஷயம் மாதிரி வருகிறது. நான் பழைய உரிமைகளை ஒழுங்காக அமல்படுத்துவதன் பக்கம் சாய்கிறேன். சட்டம் படித்தவர் என்னை மறுத்தால் கேட்டுக்கொள்வேன்.

அடுத்த முறை ஒரு செய்தி வரும்போது எதைப் பார்ப்பது? அறிவித்தது யார், இதழா, நிறுவனமா, அதன் தலைவரின் சமூக வலைப்பதிவா என்று முதலில் பாருங்கள். எத்தனை பேரிடம் செய்தார்கள், எவ்வளவு நாளைக்கு வேலை செய்தது, எத்தனை சொல்லுக்கு ஒரு சொல் பிழை, அருகில் தொழில்நுட்பர் இல்லாமல் வீட்டில் தானே போட்டுக்கொள்ள முடிகிறதா என்று தேடுங்கள். காணொலியில் தெரிவது அந்த நாளின் மிகச் சிறந்த நிமிடம். அப்புறம், கருவி பொருத்தியவரை எப்படிப் பேசவிடுகிறார்கள் என்று கவனியுங்கள். "எனக்கு வாழ்வு கிடைத்தது" என்று நன்றி சொல்ல மட்டும் அவர் வருகிறாரா, இல்லை எது எரிச்சலூட்டுகிறது, எதை மாற்ற வேண்டும், வேண்டாம் என்று தோன்றிய நாள் உண்டா என்றும் அவரிடம் கேட்கிறார்களா? இந்தக் கருவிகளை யாரையும்விட நன்றாக எடைபோடத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். குடும்பத்தில் அவரைப் பார்த்துக்கொள்பவர் செய்தியில் எங்குமே இல்லை என்றால், அந்தக் கருவியை அன்றாடம் இயங்கவைக்கும் உழைப்பில் பாதியை மறைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது, சோதனை முடிந்த பிறகு என்ன என்ற கேள்வி. பயன் தந்த சிகிச்சை சோதனை முடிந்த பின்பும் தேவைப்படுவோருக்குக் கிடைக்க, சோதனை தொடங்கும் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று, மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக மருத்துவச் சங்கத்தின் நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனம் சொல்கிறது. மருந்தென்றால் தொடர்ந்து கொடுத்துவிடலாம். மூளைக்குள் இருக்கும் கருவிக்கு பேட்டரி வேண்டும், மென்பொருள் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும், எடுக்க இன்னொரு அறுவை வேண்டும். அந்தச் செலவு நிறுவனத்துடையதா, நிதி கொடுத்த அரசுடையதா, காப்பீட்டுடையதா, நோயாளியுடையதா என்பது பல இடங்களில் இன்னும் தீர்மானமாகவில்லை. ஒப்புதல் படிவத்தில் அந்தப் பத்தி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டு வாங்கி வெளியிடும் ஒரு நிருபர், மூளையின் ரகசியம் பற்றிய பத்துக் கட்டுரைகளைவிட அந்த நோயாளிக்கு அதிகம் செய்தவராவார்.